சொட்டு மருந்தும் தொட்டில் வயிறும்

போலியோ சொட்டு மருந்தை மூன்று முறை கொடுத்துவிட்டால் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை என்பது 1960-களின் உலகக் கணக்கு. அமெரிக்காவில் அந்தக் கணக்கு பிசகவில்லை, ஐரோப்பாவிலும் பிசகவில்லை. வேலூரில் பிசகியது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணையும் பெற்ற குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். கணிசமானோரின் ரத்தத்தில் போலியோவுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியே இருக்கவில்லை. அவருடைய முடிவுகள் 1972-இல் வெளியாயின.

மருந்தைக் குளிரில் வைக்காமல் கெடுத்திருப்பார்கள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வீரியம் குன்றாத மருந்தும் அதே ஊரில் திணறியது. மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். அது போய் இறங்கிய குடல்தான் வேறு.

இந்த வேறுபாடு வேலூரோடு நிற்கவில்லை. அன்று புழக்கத்தில் இருந்த சொட்டு மருந்தின் ஒரு தவணை உத்தரப் பிரதேசக் குழந்தைகளிடம் சுமார் 9 விழுக்காடும், இந்தியாவின் மற்றப் பகுதிகளில் சுமார் 21 விழுக்காடும் மட்டுமே பலன் தந்ததாக 2006-இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. இந்தியா கடைசியில் போலியோவை வென்றதற்குக் காரணம், அரசும் களப்பணியாளர்களும் அசராமல் வீடுவீடாகப் போய் மறுபடியும் மறுபடியும் சொட்டு போட்டதுதான். மருந்தின் வகையையும் இடையில் மாற்றிக்கொண்டார்கள். 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்டவரே, இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய இந்நாட்டின் கடைசி நோயாளி.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்திலும் இதே கதைதான். டெல்லியிலும் புனேயிலும் வேலூரிலும் சோதிக்கப்பட்ட உள்நாட்டு மருந்து ரோட்டாவேக், முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 56 விழுக்காடு தடுத்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா சொட்டு மருந்துகள் 85 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றுகின்றன. 56 என்பது அற்பமில்லை. பிள்ளைகளின் உயிரைக் காக்கும் எண் அது; தமிழ்நாட்டிலும் 2017 முதல் இம்மருந்து கொடுக்கப்படுகிறது. ஆனாலும் இடைவெளி இடைவெளிதான்.

ஊசியாகப் போடும் தடுப்பு மருந்து குடலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வாய்வழிச் சொட்டு அப்படித் தப்ப முடியாது. குடல் சுவரின் உள்ளோரம் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அந்த மெல்லிய திரைக்கு ஒரு பக்கம் பாக்டீரியாக் கூட்டம். மறுபக்கம் உடலின் மிகப் பெரிய நோயெதிர்ப்புப் படை. ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அது மனிதச் செல்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமம். ‘நம் செல்களைப்போல் பத்து மடங்கு’ என்று இன்றும் மேடைகளில் முழங்கப்படும் எண், 1970-களில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட கணக்கின் எச்சம்.

இந்தக் கூட்டம் சும்மா குடியிருக்கவில்லை. நுண்ணுயிர் வாடையே படாமல் கூண்டில் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் நோயெதிர்ப்புத் திசுக்கள் சூம்பிப்போய் இருக்கும். குடலைக் காக்கும் ஐ.ஜி.ஏ. ஆன்டிபாடி மிகக் குறைவாகவே சுரக்கும். படையைத் தட்டி எழுப்புவதும் பாக்டீரியாதான், அடக்கி வைப்பதும் பாக்டீரியாதான். எலிக் குடலில் நூல்போல் ஒட்டிக்கொள்ளும் ஒரு பாக்டீரியா, அழற்சியைத் தூண்டும் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களைப் பெருக்குவதை 2009-இல் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அதற்கு நேர்மாறான செய்தி ஜப்பானிலிருந்து வந்தது: கிளாஸ்ட்ரிடியா என்ற கூட்டத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள், அழற்சியைத் தணிக்கும் டி செல்களை வளர்க்கின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை இத்தகைய பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துத் தரும் பியூட்டிரேட் என்னும் அமிலமும் அதற்குத் துணைநிற்கிறது. எதை விரட்டுவது, எதைப் பொறுத்துப்போவது என்ற பாடம் உடலுக்கு இங்கேதான் நடக்கிறது.

அப்படியானால் வேலூர்க் குழந்தைகளின் குடலைச் சுத்தம் செய்துவிட்டு மருந்து கொடுத்தால் என்ன? கேள்வி நியாயமானது. அதையும் அங்கேயே சோதித்தார்கள். வேலூர் மாவட்டத்தில் 754 குழந்தைகள். ஒரு பாதிக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், மறுபாதிக்கு வெறும் இனிப்பு நீர்மம் போன்ற போலி மருந்து. பிறகு எல்லோருக்கும் போலியோ சொட்டு. 2016-இல் வெளியான முடிவு திகைக்க வைப்பது. ஆன்டிபயாடிக் தன் வேலையைச் செய்திருந்தது: நோய் தரும் பாக்டீரியாக்கள் குறைந்தன, குடல் அழற்சியின் அறிகுறிகளும் தணிந்தன. ஆனால் ஆன்டிபாடி உருவானது அந்தப் பாதியில் 50 விழுக்காடு, போலி மருந்து பெற்ற பாதியில் 54 விழுக்காடு. கிருமிகளை விரட்டியும் தடுப்பு மருந்துக்கு நயா பைசா லாபமில்லை.

சரி, விரட்டுவதற்குப் பதில் ‘நல்ல’ பாக்டீரியாவைச் சேர்த்துப் பார்க்கலாமே என்று லாக்டோபாசில்லஸ் வகை ஒன்றையும் துத்தநாகத்தையும் கொடுத்து மற்றோர் ஆய்வு, அதுவும் வேலூரில்தான், 620 குழந்தைகளிடம் நடந்தது. ரோட்டாவில் சிறு முன்னேற்றம் தலைகாட்டியது. போலியோவில் அதுவும் இல்லை.

அடுத்த ஆய்வு இன்னும் ஆழமாகக் குத்தியது. இந்தியா, மலாவி, பிரிட்டன் ஆகிய மூன்று நாட்டுப் பச்சிளம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தார்கள். குடல் பாக்டீரியாக்களின் வகைகள் கூடக்கூட நல்லது என்பதுதானே இன்று எல்லோரும் சொல்வது? இந்தியாவிலும் மலாவியிலும், எந்தக் குழந்தைகளின் குடலில் வகைகள் அதிகமோ அந்தக் குழந்தைகளிடம்தான் ரோட்டா சொட்டு மருந்து குறைவாக எடுபட்டது. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகளும் மருந்துக்குக் குறுக்கே நின்றன. பாக்டீரியா வகைகள், மருந்தின் பலன் ஆகிய இரண்டு சங்கதிகளில் எது எதற்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வு அறுதியிட்டுச் சொல்லாது. ஆனால் ஒரு வாய்பாடு மட்டும் உடைந்துவிட்டது.

பெரியவர்களின் குடலில் பல வகை இருப்பது பொதுவாக நலத்தின் அடையாளம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் குடல் அப்படியல்ல. அங்கே பிஃபிடோ பாக்டீரியாதான் பெரும்பான்மை. அதை அப்படி வைத்திருப்பது தாய்ப்பாலே. தாய்ப்பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடம் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு. வேடிக்கை என்னவென்றால் குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. தாயின் உடல் பாடுபட்டுச் சுரப்பது, பிள்ளையின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாவுக்கான சாப்பாடு! அந்த வீட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் வழியாகவும் ஈக்கள் வழியாகவும், பிறந்த அன்றே ‘சேனை’ என்று நாக்கில் வைக்கப்படும் சர்க்கரைத் தண்ணீர் வழியாகவும், தெருவில் கூவி விற்கப்படும் கழுதைப்பால் வழியாகவும் நேரங்கெட்ட நேரத்தில் கூட்டம் நுழைந்தால், பாடம் நடக்க வேண்டிய வகுப்பறை சந்தைக்கடை ஆகாதா என்ற ஐயத்துக்கு இடமிருக்கிறது.

ஆகவே குடலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது. எப்போது வந்தார்கள் என்று கேட்க வேண்டும். நியூயார்க்கில் மார்ட்டின் பிளேசரின் ஆய்வகம் பிறப்பிலிருந்தே எலிகளுக்குச் சிறிதளவு பென்சிலின் கொடுத்துப் பார்த்தது. நான்கு வாரத்தில் நிறுத்தியபின் பாக்டீரியாக் கூட்டம் பழையபடி சீரானது. எலிகளின் உடலோ சீராகவில்லை. அவை வளர்ந்தபின்னும் கொழுப்பு ஏறியபடி இருந்தது. 2014-இல் வெளியான ஆய்வு இது. எலி மனிதனல்ல என்பது உண்மை. ஆனால் அந்த நான்கு வாரம் மறக்கக்கூடியதல்ல.

நேரம் சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. ஒடிசாவின் 149 கிராமங்களில், நிறைமாதத்திலோ அதை ஒட்டியோ பிறந்து தாய்ப்பால் குடித்துவந்த 4,556 குழந்தைகளை வைத்து மருத்துவர் பினாகி பாணிக்ரஹி நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளில் ஒரு பாதிக்கு, லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஒரு ரகமும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையும் ஏழு நாள் கொடுக்கப்பட்டன. ரத்தத்தில் தொற்று பரவும் செப்சிஸ் அல்லது மரணம், மறுபாதியில் 9 விழுக்காடு. மருந்து பெற்றவர்களில் 5.4. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். சுவாசத் தொற்றுகளும் குறைந்திருந்தன. குடலில் விதைத்தது நுரையீரலில் விளைந்தது.

இதைக் கேட்டதும் மெடிக்கல் கடைக்கு ஓடுவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பிரிட்டனில் குறைமாதத்தில் பிறந்த 1,315 குழந்தைகளை வைத்து, வேறொரு பாக்டீரியாவைக் கொண்டு நடந்த சோதனையில் தொற்றோ மரணமோ குறையவில்லை. 2023-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தை, கொடுக்கப்பட்ட புரோபயாடிக் பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து இறந்தபின், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவமனைகளை எச்சரித்தது. ஒடிசாவில் வென்றது ஒரு ரகம், ஒரு வயது, ஒரு சூழல். ‘புரோபயாடிக்’ என்ற பொதுப்பெயர் அல்ல.

ஆனால் சந்தையில் விற்பது அந்தப் பொதுப்பெயர்தான். ஆன்டிபயாடிக் எழுதும் கையோடு ஒரு புரோபயாடிக் மாத்திரையையும் எழுதிவிடுவது இங்கே பழகிப்போன ஒன்று. அதே வைஸ்மன் நிறுவனம் 2018-இல் இதைச் சோதித்தது. ஆன்டிபயாடிக் முடித்தபின் புரோபயாடிக் விழுங்கியவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்ப, ஒன்றும் விழுங்காமல் சும்மா இருந்தவர்களைவிட நெடுநாள் ஆயின. வெளியிலிருந்து வந்தவர்கள் திண்ணையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர்களை உள்ளே விடவில்லை.

பாரம்பரியப் பெருமையும் இந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. இட்லி மாவு நொதிப்பது லாக்டிக் அமில பாக்டீரியாக்களால்தான்; ஆனால் இட்லிப் பானையின் ஆவி அவற்றை விட்டுவைப்பதில்லை. உயிரோடு வயிற்றுக்குள் போவது பழைய சோற்றிலும் மோரிலும் இருப்பவைதான். நொதித்த உணவை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன என்று 2021-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கண்டது. நம்பிக்கை தரும் செய்தி. ஆய்வில் பங்கேற்றவர்களோ 36 பேர். அத்தனை பேரும் வளர்ந்தவர்கள்.

தமிழ்நாட்டுக்கு அவசரமான கேள்வி சாப்பாட்டு மேசையில் இல்லை, பிரசவ அறையில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். இந்தியச் சராசரி 21.5. பிரிட்டனில் 596 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவு, சிசேரியனில் பிறந்தவர்களின் குடலில் தாயிடமிருந்து வரவேண்டிய பாக்டீராய்டிஸ் பெரும்பாலும் இல்லை, மருத்துவமனையில் உலவும் கிருமிகள் அங்கே இடம்பிடித்திருந்தன என்கிறது. வேறுபாடு ஓராண்டு அளவில் பெரிதும் மறைந்துவிடும். ஆனால் பாடம் நடப்பது அந்த ஓராண்டில்தானே? சிசேரியனுக்கு முன் தாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தவிர்க்கவும் முடியாது. தாயின் உயிரைக் காப்பது அது. குறைக்க முடிந்தது தேவையற்ற சிசேரியனை. கூட்ட முடிந்தது தாய்ப்பாலை.

அறுவை அரங்கிலிருந்து வெளியே வரும் தாய்க்கு மயக்கம் தெளிந்து, வலி அடங்கி, பிள்ளை மார்பில் சேரும்போது சீம்பாலுக்கான முதல் மணி நேரம் போய்விட்டிருக்கும். வராந்தாவில் பாட்டி சங்கில் சர்க்கரைத் தண்ணீரோடு காத்திருப்பார். அவரைத் திட்டிப் பயனில்லை. அரங்குக்குள்ளேயே பிள்ளையைத் தாயின் மார்பில் வைத்துப் பிடிக்க ஒரு செவிலியரை நியமிப்பது, எந்தப் புரோபயாடிக் பாக்கெட்டை வாங்குவதைவிடவும் அரசுக்கு உருப்படியான செலவு. மற்றொன்று இன்னும் எளிது. தடுப்பூசி அட்டையில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, தேதியோடு. முதல் ஆண்டில் அந்தக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் அதே அட்டையில் ஒரு கட்டம் போட்டு, எழுதிய மருத்துவரின் கையெழுத்தையும் வாங்கலாம். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் எழுதப்பட்டவை எத்தனை என்று ஓராண்டு முடிவில் மாவட்ட வாரியாகக் கூட்டிப் பார்க்கலாம்.