கூண்டில் பிறந்த பொய்

பனியில் ஒற்றை வரிசையாக நடந்துபோகும் ஓநாய்க் கூட்டத்தின் படம் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. கூடவே ஒரு விளக்கம். முன்னால் போகும் மூன்றும் கிழட்டு, நோய்ப்பட்ட ஓநாய்கள். அவற்றின் வேகத்துக்கு ஏற்பத்தான் கூட்டம் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியே வருவதுதான் தலைவன், ‘ஆல்பா’. பின்னால் இருந்தபடியே அத்தனை பேரையும் தன் பிடியில் வைத்திருக்கிறான். கீழே வரிசையாகக் கைகூப்பும் குறிகள். ‘அருமையான பதிவு’ என்று நாலு பேர்.

படம் உண்மை. விளக்கம் முழுப்பொய். பிபிசியின் ‘ஃபுரோசன் பிளானட்’ தொடருக்கான படப்பிடிப்பின்போது, கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் சாடன் ஹண்டர் எடுத்த படம் அது. காட்டெருமை வேட்டைக்குக் கிளம்பிய 25 ஓநாய்களின் கூட்டம். படத்தோடு முதலில் வெளிவந்த குறிப்பின்படி, கூட்டத்தை நடத்திச் சென்றது ஒரு பெண் ஓநாய். ஆழமான பனியில் முதலில் போவதுதான் நெஞ்சால் பனியைப் பிளந்து தடம் போட வேண்டும். பின்னால் வருபவை அந்தத் தடத்திலேயே கால் வைத்துத் தெம்பை மிச்சம் பிடிக்கும். கிழடுகளிடமும் நோயாளிகளிடமும் ஒப்படைக்கிற வேலையா அது?

ஒரு படத்தோடு முடிந்திருந்தால் விட்டுத்தள்ளலாம். ஆனால் இந்தப் பொய் நன்றாக வேர்விட்டிருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் பல்லைக் காட்டும் ஓநாய். அலுவலகத் தலைமைப் பயிற்சி வகுப்பின் திரையில் ஓநாய். ‘ஆம்பளைன்னா ஆல்பாவா இரு’ என்று பதினெட்டு வயதுப் பையனுக்குப் பாடம் எடுக்கும் ரீல்ஸிலும் ஓநாய். எல்லாவற்றிலும் ஒரே வாதம்தான்: கூட்டத்தில் பலசாலி மற்றவற்றை அடித்து அடக்கித் தலைவனாகிறான், முதல் வாய் இரை அவனுக்கு, பெண்ணும் அவனுக்கு, இயற்கையின் விதியே அதுதான், நீயும் அப்படியே இரு. இந்த வாதத்துக்கு அடித்தளமே கிடையாது. அது எங்கே தொடங்கியது என்று தேடிப்போனால் கோபம்தான் வருகிறது.

ருடால்ஃப் ஷெங்கெல் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர், பாசெல் நகர மிருகக்காட்சிசாலையின் ஓநாய்களைக் கவனித்து 1947-இல் வெளியிட்ட கட்டுரைதான் மூலம். பத்து மீட்டருக்கு இருபது மீட்டர் அடைப்பு. அதற்குள் பத்து ஓநாய்கள் வரை. நம் கணக்கில் ஒரு கிரவுண்டு மனைகூட முழுசாகத் தேறாது. காட்டில் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் சுற்றித் திரியும் விலங்கு அது. யாரோடு இருப்பது என்று அவை தீர்மானிக்கவில்லை; பிடிக்காவிட்டால் விலகிப்போக வழியும் இல்லை. அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஷெங்கெல் தான் பார்த்ததை எழுதினார். சிறைச்சாலை முற்றத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டு, மனிதக் குடும்பம் என்றாலே இப்படித்தான் என்று முடிவுகட்டுவதுபோல, படித்தவர்கள் அதைக் காட்டு ஓநாயின் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் வேதனையான விஷயம், உண்மை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்தது. அடால்ஃப் மியூரி அலாஸ்காவின் மெக்கின்லி மலைப்பகுதியில் 1939 முதல் காட்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்தவர். 1944-இல் வந்த தன் நூலில், அந்த விலங்குகள் ஒன்றோடொன்று காட்டிய நேசம்தான் தன் மனதில் ஆழமாகப் பதிந்தது என்று பதிவு செய்தார். கூண்டுக்கதை ஊர் ஊராகப் பரவியது. மியூரி சொன்னது துறைசார்ந்த சிலரோடு நின்றுபோனது.

கூண்டுக்கதைக்கு இறக்கை கட்டிவிட்டது, ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதி 1970-இல் வெளிவந்த நூல். ஓநாய்களைப் பற்றி அதுவரை தெரிந்த அனைத்தையும் திரட்டித் தந்த நூல் என்பதால், ‘ஆல்பா’ என்ற சொல்லும் அதோடு சேர்ந்து உலகம் சுற்றியது. ஆனால் மெக் அங்கேயே நின்றுவிடவில்லை. கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் பல கோடைகாலங்களை ஒரு காட்டு ஓநாய்க் கூட்டத்தோடு கழித்தார். மனிதரைக் கண்டு மிரளாத ஓநாய்கள் அவை. சில அடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது.

அவர் கண்டது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அந்த ஆண்டுக் குட்டிகள், முந்தைய ஆண்டுகளில் பிறந்த அண்ணன்கள், அக்காள்கள். வளை வாசலில் குட்டிகள் காத்துக்கிடக்கும். வேட்டை முடித்து வரும் பெரிய ஓநாயின் வாயை ஓடிப்போய் நக்கும். அது வயிற்றில் சுமந்து வந்த கறியைக் கக்கிக் கொடுக்கும். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கு ஆண் ஓநாய் இரை கொண்டுவந்து தரும். இரை குறைந்த காலத்தில் கடைக்குட்டிகளுக்கே முதல் பங்கு. யாரையும் அடித்து வீழ்த்தி யாரும் அங்கே தலைமைக்கு வரவில்லை. ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து குட்டி போட்டார்கள்; அதனால் மூத்தவர்கள் ஆனார்கள். நம் வீடுகளில் தாத்தாவும் அப்பத்தாவும் அந்த இடத்துக்கு வந்ததைப்போல. 1999-இல் மெக் இதை ஆய்விதழில் எழுதி, காட்டுக் கூட்டங்களுக்கு ‘ஆல்பா’ என்ற சொல் பொருந்தாது, ‘பெற்றோர்’ என்றே சொன்னால் போதும் என்று வாதிட்டார்.

வளர்ந்த பிள்ளை அப்பனை அடித்துவிட்டு ஆட்சியைப் பிடிக்காதா என்று கேட்கலாம். மூன்று வயதுக்குள் பெரும்பாலானவை வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. 2011-இல் ஸ்லோவேனியாவில் ஸ்லாவ்ட்ஸ் என்ற இளம் ஓநாய்க்கு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். அந்த டிசம்பரில் அது பிறந்த இடத்தை விட்டு நடக்கத் தொடங்கியது. ஆஸ்திரியா வழியாக, நடுக்குளிரில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 2012 மார்ச்சில் இத்தாலியின் வெரோனா நகருக்கு அருகே உள்ள லெசினியா மலைக்கு வந்து சேர்ந்தது. நெடுங்காலமாக ஓநாய்க் கூட்டமே இல்லாத மலை. அங்கே அதற்கு ஒரு பெண் ஓநாய் துணையாகக் கிடைத்தது. வெரோனாக்காரர்கள் அதை ஜூலியட் என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டு குட்டிகள் பிறந்தன. ஓநாய் ‘தலைவன்’ ஆவது இப்படித்தான்: நடந்துபோய், துணை தேடி, பிள்ளை வளர்த்து.

ஓநாய் சாது என்று சொல்ல வரவில்லை. பக்கத்துக் கூட்டத்து ஓநாயை அது கடித்துக் கொல்லும். சில கூட்டங்களுக்குள்ளும் கொடுமை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் 1920-களில் ஓநாய்களைக் கொன்று தீர்த்தார்கள். 1995-இல் கனடாவிலிருந்து மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். அங்கே ‘டுரூயிட்’ கூட்டத்தில் 40 என்ற எண்ணிட்ட பெண் ஓநாய், தன் சகோதரியான 42-ஐ ஓயாமல் கடித்து அடக்கி வைத்திருந்தது. ரீல்ஸ்காரர்கள் வர்ணிக்கும் ‘ஆல்பா’ நிஜத்தில் இருந்தால் அது இந்த 40 தான். அதற்கு என்ன நடந்தது? 2000-ஆம் ஆண்டு மே மாதம் சொந்தக் கூட்டமே அதைக் கடித்துக் கொன்றது. அடிவாங்கிக்கொண்டிருந்த 42, இறந்துபோன 40-இன் குட்டிகளையும் தன் குட்டிகளோடு சேர்த்து வளர்த்தது. அடுத்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் 37 ஓநாய்கள். அதே கூட்டத்தின் பெரிய ஆண் ஓநாய் 21, எந்தச் சண்டையிலும் தோற்காதது என்று பெயர் வாங்கியது. தோற்ற எதிரியைக் கொல்லாமல் விட்டுவிடும். அதைப் பல ஆண்டுகள் கவனித்த ரிக் மெக்கின்டயர் சொல்வது, அதற்குப் பிடித்த விளையாட்டு குட்டிகளோடு மல்லுக்கட்டி, வேண்டுமென்றே தோற்று, மல்லாந்து விழுவது.

இந்தப் பொய்யின் அடி முதலில் விழுந்தது நாய்களின் மேல். நாய் ஓநாயின் வழி வந்தது, எனவே வீட்டில் நாம் ‘ஆல்பா’ ஆக வேண்டும் என்று சொல்லி, நாயை மல்லாக்கப் புரட்டிக் கழுத்தை அழுத்தும் முறையைப் பயிற்சியாளர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அதை 1978-இல் தங்கள் நூல் மூலம் பரப்பிய நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகளே பின்னாளில் அதற்காக வருந்தி, அந்தப் பகுதியை நீக்கினார்கள். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008-இல் இந்த அடக்குமுறைப் பயிற்சிக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. மிரட்டப்படும் நாய் பயத்தில் திருப்பிக் கடிக்கிறது. பழி நாயின் மேலேயே விழுகிறது.

நம் பங்குக்கு நாமும் ஓநாய்க்கு அநியாயம் செய்திருக்கிறோம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று சொல்லிச் சொல்லியே அதை வஞ்சகத்தின் பேராக்கிவிட்டோம். இன்று அதே விலங்கைச் சட்டையில் அச்சடித்து வீரத்தின் சின்னமாக்கியிருக்கிறோம். நிஜமான ஓநாய் கர்நாடகம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தின் புல்வெளிகளில் சின்னச் சின்னக் குடும்பங்களாக வாழ்கிறது. இந்தியா முழுவதும் சுமார் 3,100 தான் என்பது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீடு. 2022 கணக்கெடுப்பில் வந்த புலிகளின் எண்ணிக்கையைவிட இது குறைவு. அது வாழும் புல்வெளியை அரசு ஆவணங்கள் தரிசு என்று எழுதிவைத்திருக்கின்றன. தரிசு என்று எழுதிவிட்ட இடத்தில் என்ன வேண்டுமானாலும் கட்டலாம்.

தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி மெக் பதிப்பாளரிடம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022-இல்தான் அது நின்றது. தான் எழுதியது தவறு என்று தெரிந்ததும் அதைத் திருத்தப் பாதி வாழ்நாளைச் செலவிட்ட மனிதர் அவர். அவர் கைவிட்ட சொல்லை வைத்து இளைஞர்களுக்கு வகுப்பு எடுப்பவர்கள், கட்டணம் வாங்கும் முன் ஒருமுறையாவது அவர் எழுதியதைப் படிக்க வேண்டும். இனி அந்தப் பனி வரிசைப் படம் உங்கள் குழுவுக்கு வந்தால், பேசாமல் கடந்துவிடாதீர்கள். அனுப்பியவரிடம் சொல்லுங்கள்: அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தது ஒரு பெண் ஓநாய்.