கைகழுவுவது யார்?

ஊசியை வெள்ளைக் கலனில் போடு, குருதி தோய்ந்த பஞ்சை மஞ்சள் பையில் போடு என்கின்றன மருத்துவமனைச் சுவர்கள். சரி, அந்தப் பையைச் சுமக்கும் கை யாருடையது?

கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை என்கின்றன 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். துப்புரவுப் பணியை ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடும் நிர்வாகங்களோ அக்கடமையையும் சேர்த்தே கைகழுவுகின்றன.

ஊசி குத்தினால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். வாய் திறந்தால் வேலை போகும் என்றஞ்சும் ஒப்பந்தத் தொழிலாளி எப்படிச் சொல்வார்? அச்சம் ஆளும் இடத்தில் விதிகள் வெறும் சுவரொட்டிகளே.

கையுறையும் தடுப்பூசியும் சலுகையல்ல, உரிமை. பணி நிரந்தரமே தொற்றுத் தடுப்பின் முதற்படி. ஒப்பந்த முறையை ஒழிக்கும்வரை போராடுவோம்!