திருவல்லிக்கேணியில் வீடா?

வீடு பார்க்கிறோம் என்று சொன்னதும் சித்தப்பா முதலில் கேட்டது பட்ஜெட், இரண்டாவது ஏரியா. திருவல்லிக்கேணி என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏன்டா, வேற எடமே கெடைக்கலையா? மிக்ஸ்டு ஏரியாடா அது. மேன்ஷன், மசூதி, மாடு, சந்து. நாளைக்கு விக்கணும்னா ஒருத்தன் வரமாட்டான். கேளம்பாக்கம் பக்கம் கேட்டட் கம்யூனிட்டியா பாரு.”

வீட்டுத் தரகர் இதையே இங்கிதமாகச் சொன்னார்: “டீசன்ட் ஏரியாவா பாக்கலாமே சார்.”

நடுத்தரக் குடும்பத்துச் சென்னையில் இது ஏறக்குறைய வேதவாக்கு. ஊருக்குள் பல சாதியும் மதமும் மொழியும் நெருங்கி வாழும் பேட்டையில் குடியிருக்கலாம், வீடு வாங்கக் கூடாது. பத்து வருடத்துக்கு மேலாகத் திருவல்லிக்கேணியில் சொந்த வீட்டில் இருக்கிறேன். சித்தப்பா சொன்னதில் சில உண்மை, சில பாதி உண்மை, ஒன்று சுத்தமாகத் தப்பு. அந்தத் தப்பைத்தான் எல்லோரும் உரக்கச் சொல்கிறார்கள். உண்மையான ஆபத்தைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதலில் ‘மிக்ஸ்டு’. பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்தது. ஆற்காட்டு நவாப் 1768-ல் சேப்பாக்கத்துக்குக் குடிவந்தார். வாலாஜா பெரிய மசூதி 1795-ல் எழுந்தது. கோயிலிலிருந்து மசூதிக்கு நடந்தே போய்விடலாம். உருது பேசும் குடும்பங்கள், மாடவீதி ஐயங்கார்கள், கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள், தெற்கத்தி ஊர்களிலிருந்து வேலை தேடி வந்து மேன்ஷனில் தங்கியவர்கள் என்று இருநூறு வருடத்துக்கு மேலாகக் கலந்தே கிடக்கிற ஊர் இது. ரம்ஜான் மாதத்தில் அந்தப் பெரிய மசூதியில் நோன்பு திறப்பதற்கான உணவைப் பல பத்தாண்டுகளாகச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள், பிரிவினையில் ஊரை இழந்து வந்த சிந்தி இந்துக்கள்.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததை மறைத்தால் நேர்மை ஆகாது. விநாயகர் ஊர்வலம் போகும் நாளில் ஐஸ்ஹவுஸ் மசூதிப் பக்கம் போலீஸ் குவிந்துதான் நிற்கும். எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் 1990-களிலிருந்தே இழுபறி. அன்றைக்கு மத்தியானம் கடைகள் ஷட்டரை இறக்கும். மறுநாள் காலை அதே கடையில் வரிசை நிற்கும். வருடத்தில் ஒரு நாள் பதற்றத்தை வைத்து மற்ற 364 நாளையும் எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பிரியாணி கொடுத்தார், நாங்கள் பொங்கல் கொடுத்தோம் என்ற கதையை நான் எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு, நாலு தாய்மொழி. நாங்கள் சண்டை போடுகிறோம், நன்றாகவே போடுகிறோம். மோட்டாரை யார் போடுவது, மாடிப்படி விளக்குக்கு யார் பணம் கொடுக்கவில்லை, கொடிக்கயிறு யாருடையது என்பதுதான் எங்கள் வழக்கு. ஒரே சாதிக்காரர்கள் மட்டும் வாழும் அடுக்ககத்தில் தங்கை இருக்கிறாள். அங்கேயும் இதே மோட்டார், இதே கொடிக்கயிறு. சங்கக் கூட்டம் மட்டும் இன்னும் மோசம். எல்லோரும் உறவு என்பதால் யாரும் யாரையும் நேரில் திட்ட முடியாது.

‘டீசன்ட்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். சாக்கடை ஓடாத தெருவா, விளக்கு எரியும் தெருவா என்று தரகரிடம் கேட்டேன். “அதில்ல சார், ஆளுங்க...” என்று இழுத்தார். எந்த ஆள் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, இருவருக்கும் தெரிந்திருந்தது. பெயரைக் கேட்டதும் வீடு முடிந்துவிட்டது என்று சொல்லப்படுகிறவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். ‘சைவம் மட்டும்’ பலகை எங்கள் பேட்டையிலும் தொங்குகிறது; நாங்கள் ஒன்றும் புண்ணிய பூமி இல்லை. ஆனால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது உங்கள் சுவரில் விரிசல் விடாது, பத்திரத்தில் வில்லங்கம் ஏற்றாது.

பெண் பிள்ளை இருக்கிற வீடு, மேன்ஷன் தெருவில் எப்படி என்பது அம்மாவின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் பெரிய தெருவில் இரவு பத்து மணிக்கும் மெஸ் திறந்திருக்கும், டீக்கடையில் ஆள் இருக்கும், மருந்துக்கடையில் விளக்கு எரியும். டியூஷன் முடிந்து என் பெண் நடந்து வரும்போது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஏழெட்டுப் பேர் வழியில் இருக்கிறார்கள். காம்பவுண்டு கேட்டுக்கு உள்ளே எட்டு கேமரா, கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு கிலோமீட்டர் இருட்டு என்ற அமைப்பைத்தான் பாதுகாப்பு என்று விற்கிறார்கள். நடக்கிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து, ‘விற்க முடியாது’. அடுக்குமாடி வீட்டில் கட்டடம் வயதாகி விலை இறங்கும், ஏறுவது மண். மண்ணில் உங்களுக்கு எவ்வளவு என்பதைச் சொல்வது யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத பாகம். 2019-ன் கட்டட விதிகளில் சாதாரண அடுக்ககத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25. அதை முழுக்கப் பயன்படுத்திக் கட்டினால், 1000 சதுர அடி வீட்டுக்கு மண் பாகம் முன்னதில் 500 சதுர அடி, பின்னதில் 300-ஐ ஒட்டி. குறியீடு 1.5 ஆக இருந்த காலத்துப் பழைய கட்டடத்தில் 650-ஐத் தாண்டும். நீச்சல் குளத்தையும் கிளப் ஹவுஸையும் காட்டுகிற விளம்பரத்தில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். இன்னொன்று: 2022-ன் அடுக்கக உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி செய்திருக்கிறது. ஒரே ஒருவர் முரண்டு பிடித்து எல்லோரையும் ஒழுகும் கூரைக்கடியில் உட்கார வைக்கும் காலம் போய்க்கொண்டிருக்கிறது. பழைய கட்டடத்துக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும் என்பது மட்டும் உண்மை. கட்டடம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்று பொறியாளரிடம் எழுதி வாங்கிவரச் சொல்வார்கள். நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டியதுதானே.

இனி அன்றைக்கு யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஊரில் வீடு வாங்குகிறவர் பயப்பட வேண்டியது காகிதத்துக்கு.

நாங்கள் முதலில் முடிக்கப் பார்த்த வீடு மாடவீதிக்குப் பின்னால் இருந்தது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம், பக்கத்துத் தெருவைவிட விலையும் குறைவு. ஏன் குறைவு என்றால் “அவசரத்துக்கு விக்கறாங்க சார்” என்ற பதில். வக்கீல் மூலப்பத்திரத்தைப் புரட்டிவிட்டு ஒரே சொல்லில் முடித்தார்: அடிமனை. கட்டடம் மட்டுமே அவர்களுடையது, தரை கோயிலுடையது. தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கு மனை வாடகை கட்டி வந்த வீடு. கோயில் சுற்றுவட்டாரத்தில் இது சாதாரணம். வக்ஃபு நிலத்திலும் இதே கதை உண்டு. அப்படிப்பட்ட மண்ணை விற்கும் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மாட்டார்.

இரண்டாவது வீட்டில் பிரச்சினை அக்காமார். பூர்வீக வீடு, அண்ணன் தம்பி மூவரும் கையெழுத்துப் போடத் தயார். “அக்காவுக்கெல்லாம் 1989-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கெடையாது” என்றார் மூத்தவர். தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி அது சரியாக இருந்த காலம் உண்டு. 2005-ன் மத்தியத் திருத்தம் அதை மாற்றிவிட்டது; நாங்கள் வாங்கிய பிறகு 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதை உறுதிப்படுத்தியது. முன்பே முறையாகப் பாகம் பிரிக்காத சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பிலேயே சம பங்கு. அக்காக்களின் விடுதலைப் பத்திரம் வேண்டும் என்றோம். மூத்தவர் முகம் மாறியது. அந்த வீட்டையும் விட்டோம். முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமாகத்தான் இருந்தது. கேட்காமல் விடப்பட்ட அக்கா வில்லங்கச் சான்றில் தெரிய மாட்டாள்.

ஆகவே புறநகர் மேல் என்று சொல்ல வேண்டாம். இங்கே கோயில் மனை என்றால் அங்கே ஏரிப் புறம்போக்கு. ஐ.டி. சாலைக்குக் கிழக்கே கடல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மேற்கே சதுப்பு நிலம் இருந்ததை விளம்பரப் பலகை சொல்வதில்லை. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் படகு ஓடியது. எங்கள் சந்திலும் தண்ணீர் நின்றது, வடிந்தது. மழை நாளில் வந்து தெருவைப் பாருங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன், எங்கே வாங்கினாலும். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது நாங்களும் குடத்தோடு நின்றோம், அடிபம்பை அடித்தோம். ஐ.டி. சாலையின் பெரிய அடுக்ககங்களோ லாரி வராவிட்டால் குழாயைத் திறந்தும் பயனில்லை என்று தவித்தன.

வாடகைதாரர் காலி செய்ய மாட்டார் என்ற பயத்துக்கு அதிக நேரம் வேண்டாம். 1960-ன் பழைய வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் புதுச் சட்டம் நடக்கிறது. எழுத்து ஒப்பந்தமும் பதிவும் இருந்தால் பழைய அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மாடு? சித்தப்பா சொன்னதில் முழு உண்மை அது. பால் மாடுகள் தெருவில் படுத்திருக்கும், முட்டவும் செய்யும், வயதானவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். மாநகராட்சி பிடிக்கிறது, அபராதம் போடுகிறது, மாடு திரும்பி வருகிறது.

கார் நிறுத்த இடமில்லை என்பதற்கும் என்னிடம் மறுப்புக் கிடையாது. நடக்கும் தூரத்தில் பறக்கும் ரயில் நிலையமும், 2019-லிருந்து அண்ணா சாலையில் மெட்ரோவும் இருப்பதால் காரை விற்றுவிட்டோம். சித்தப்பா மட்டும் காரில்தான் வருவேன் என்கிறார். வாலாஜா சாலையில் எங்கேயாவது விட்டுவிட்டு, மாட்டைக் கண்டால் அடுத்த வாசற்படியில் ஏறி நின்று, அது போனபின் இறங்கி, வியர்த்து வந்து சேர்கிறார். போன தடவை அப்படி அவர் ஏறி நின்ற வாசற்படியின் வீட்டுக்காரம்மா மோர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அந்த வீட்டு மாடி போர்ஷன் விலைக்கு வருகிறதாம். மூலப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.