தங்கவயலில் கேட்கப்படாத கேள்வி

கோலார் தங்கவயலில் மலைபோல் குவிந்து கிடக்கும் சயனைடு மண்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் 13 மேடுகள். அவற்றில் 3 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவு மண். அதில் எஞ்சியுள்ள தங்கத்தின் மதிப்பு குறித்து தில்லியிலும் பெங்களூரிலும் கணக்குகள் போடப்படுகின்றன. அந்தத் தங்கத்தை முதலில் வெட்டியெடுத்தவர்களின் நுரையீரல் குறித்து எந்த அமைச்சகமும் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்கா தூசியால் வரும் நோய் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் தங்கவயல்தான், ஆண்டு 1934. 1947-இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது உறுதியானது. நாடு சுதந்திரம் அடைந்தபோதே மருத்துவ உலகுக்குத் தெரிந்திருந்த உண்மை இது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, மூன்று கிலோ மீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்த தமிழ்த் தொழிலாளிக்கு, அவர்களில் பெரும்பாலோரான தலித் மக்களுக்கு, அது எந்த அளவுக்குச் சொல்லப்பட்டது என்பது வேறு விஷயம்.

சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சுரங்க மருத்துவமனை ஒரு காலத்தில் நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆனால், அங்கிருந்த மருத்துவர் நிறுவனத்தின் ஊழியர். தொழிலாளியின் எக்ஸ்ரே முதலில் நிறுவனத்துக்கு உரிய ஆவணம், பிறகுதான் தொழிலாளிக்கு. நோய் உறுதியானால் சுரங்கத்துக்குள் இறங்க முடியாது, கூலி போகும் என்ற அச்சம் உலகெங்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு உண்டு. இருமலை மறைக்கக் கற்றுக்கொண்டவன் மருத்துவரிடம் குறைவாகவே பேசுவான். இந்தப் பழக்கம் சுரங்கத்தோடு மூடப்பட்டுவிடவில்லை.

சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28-இல். அத்துடன் மருத்துவமனையும் ஓய்ந்தது. (2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் சில நாள்களில் அதைத் துப்புரவு செய்து சிகிச்சை மையமாக்கினர். முடியாது என்று இருபது ஆண்டுகளாகக் கருதப்பட்டது இரண்டு வாரங்களில் முடிந்தது.) சிலிகோசிஸோ சுரங்கம் மூடப்பட்டால் நிற்பதில்லை. தூசியை விட்டு விலகிய பின்னரும் அது வளரும்; பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். 1980-களில் வேலையில் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். மூச்சுத் திணறலுடன் அவர்கள் வந்து நிற்பது சுரங்கத்தையே பார்த்திராத மருத்துவர்களின் முன்.

எக்ஸ்ரே படத்தில் சிலிகோசிஸும் காச நோயும் எளிதில் ஒன்றுபோலத் தோன்றும். சிலிகோசிஸ் உள்ளவரைக் காச நோய் தாக்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே, சளிப் பரிசோதனையில் கிருமி காணாவிட்டாலும் காச நோய் மாத்திரை எழுதிவிடுவது எளிது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கியும் மூச்சு சீராகாதவர், மருந்து சரியில்லை என்றோ தன் விதி என்றோ எண்ணித் திரும்பிவிடுவார். இரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது விலையுயர்ந்த கருவி அல்ல. 'என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை ஆண்டுகள்?' என்ற ஒரு கேள்வி. நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று 1700-லேயே எழுதி வைத்தார் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் முதலில் விடுபட்டுப் போவது அக்கேள்விதான்.

மொழியும் இதில் சேர்கிறது. தங்கவயலில் தமிழறிந்த மருத்துவர்களும் செவிலியர்களும் இல்லாமல் இல்லை. எனினும், மாநில அரசுப் பணியில் பிற மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வருபவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. தமிழ்வழியில் படித்த அல்லது படிக்காத முதியவருக்கு உதவ வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. துணைக்குச் செல்வது மனைவி. 'நெஞ்சடைப்பு', 'இளைப்பு' என்று அவர் சொல்வதை மருத்துவர் இருதய நோயாகவோ ஆஸ்துமாவாகவோ எழுதிக்கொண்டால், ஆழத்தில் கழிந்த இருபது ஆண்டுகள் அந்தச் சீட்டில் இடம்பெறாமலே போகின்றன.

இது சிகிச்சைக் குறைபாடு மட்டுமன்று, சட்டப் பிரச்னையும்கூட. சுரங்கத்தில் பணிபுரியும் அல்லது முன்பு பணிபுரிந்த ஒருவருக்கு இத்தகைய நோய் இருப்பதாக மருத்துவர் கருதினால், அதைத் தலைமை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அக்கடமை தொடர்கிறது. 'முன்பு பணிபுரிந்த' என்ற இரு சொற்கள் தங்கவயலுக்காகவே எழுதப்பட்டவை போலுள்ளன. ஆனால், முன்பு எங்கே பணிபுரிந்தார் என்று கேட்காத மருத்துவர் எதைத் தெரிவிப்பார்? தெரிவிக்கப்படாத நோய்க்கு இழப்பீடு எங்கிருந்து வரும்?

ராஜஸ்தான் அரசு 2019-இல் தூசி நோய்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. மருத்துவக் குழு சான்றளித்த தொழிலாளிக்கு 3 லட்சம் ரூபாய், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். அத்திட்டத்திலும் தாமதங்களும் முறைகேட்டுப் புகார்களும் உண்டு. ஆயினும், சான்றிதழுக்கு மதிப்பு இருப்பதால் நோயாளி தன் தொழிலைத் தானே முன்வந்து சொல்கிறார்; மருத்துவரும் கேட்டாக வேண்டியிருக்கிறது. இந்நோயை நாட்டுக்கு முதலில் அறிவித்த ஊருக்கு அத்தகைய ஏற்பாட்டைக் கர்நாடகம் செய்து தருவதில் என்ன தடை?

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயின் தன்மையை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதை மாநிலங்களுக்கு அனுப்பியும் வைத்தது. ஒரு பகுதியில் மொழிச் சிறுபான்மையினர் 15 விழுக்காடு இருந்தாலே முக்கிய அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடு அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தையது. தங்கவயலில் இதைக் கோருவது கன்னடத்துக்கு எதிரான கோரிக்கை ஆகாது. 1982-இன் கோகாக் கிளர்ச்சிக் காலக் கசப்பை நினைவில் வைத்திருப்பவர்களும், மூச்சு முட்டும் முதியவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேசுவதை மொழி அரசியலாகப் பார்க்கத் தேவையில்லை.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் இன்றும் மத்திய சுரங்க அமைச்சகத்தின்கீழ்தான் உள்ளது. பழைய தொழிலாளர்களின் பணிப் பதிவேடுகளையும் மருத்துவப் பதிவேடுகளையும் அவர்களிடமோ வாரிசுகளிடமோ ஒப்படைக்க வேண்டிய பொறுப்பும் அதனுடையதே. தங்கவயல் தொகுதி மக்களின் வாக்கைப் பெற்ற கட்சிகள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியது இதைத்தான். மண்மேடுகளைக் கிளறும் பணி தொடங்கும்போது தூசி மீண்டும் எழும். ஒப்பந்தத் தொழிலாளர்களாக அங்கே செல்லப்போவது பெரும்பாலும் அதே லைன் வீடுகளின் பேரப்பிள்ளைகள். வேலையில் சேரும் நாளில் எடுக்கப்படும் எக்ஸ்ரேயின் நகல், அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் எழுதிய அறிக்கையுடன், அவர்கள் கையிலேயே தரப்பட வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக அமைச்சகம் இப்போதே சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.