பொறுக்க முடியாத குப்பை

போன மாதம் மணமேல்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கையுறை, தொப்பி சகிதம் இளைஞர்கள் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து மூட்டை சேர்ந்ததும் பேனர் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

அவர்கள் சுத்தம் செய்த இடத்திலேயே பேரன் ஒரு பிடி மணலை அள்ளினான். "தாத்தா, இதுல நீலமா என்னமோ இருக்கு!" வலைக் கயிற்றின் இழைகள். கூடவே நொறுங்கிய வெள்ளைத் துணுக்குகள். இதை எந்தக் கையுறை பொறுக்கும்?

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த இத்துணுக்குகளைத்தான் நுண்நெகிழி என்கிறார்கள். வெயிலும் அலையும் பிளாஸ்டிக்கை நொறுக்குமே தவிர அழிக்காது. கொஞ்சம் மிதக்கும், மீதி அடிச்சேற்றில் படியும். 2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் தனுஷ்கோடி வரை ஒதுங்கின. கண்ணுக்குத் தெரிந்த அந்த மணிகளை அள்ளுவதற்கே பட்ட பாடு கொஞ்சமல்ல.

நம் கடல் ஆழம் குறைந்தது. அடியில் கடற்புல் பரந்து கிடக்கிறது. அந்தப் புல் நீரோட்டத்தைத் தணித்து, மிதந்து வரும் துகள்களைப் படியவைக்கும். அதைத் தின்றுதான் ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்பசு வாழ்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. பெருமைதான். ஆனால் காப்பக எல்லை நுண்நெகிழிக்குத் தெரியுமா?

"மக்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்பது பழைய பல்லவி. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் பூக்காரம்மாவின் பையைப் பறித்து அபராதம் போடுகிறோம். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் பாக்கெட்டும் சரம் சரமாகத் தொங்குகின்றன. அவற்றைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. காலி பாக்கெட்டைக் கேட்டு உங்கள் தெருவுக்கு எந்தக் கம்பெனியாவது வந்ததுண்டா?

"மீனவர்கள் கிழிந்த வலையைக் கடலில் விடவில்லையா?" என்பீர்கள். விடுகிறவர்கள் உண்டு. புத்தி சொன்னால் மட்டும் அது நிற்காது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கிழிந்த வலையை எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்கட்டும். ஒரு முழம்கூடக் கடலுக்குப் போகாது. வெள்ளாற்றின் காய்ந்த படுகையில் கிடக்கும் குப்பையை ஐப்பசி மழைக்கு முன்னால் அள்ளட்டும். வெள்ளம் வந்துவிட்டால் அது நேரே கடலுக்குத்தான் போகும்.

நொறுங்குவதற்கு முன்னால்தான் பிளாஸ்டிக்கைப் பிடிக்க முடியும். நொறுங்கிய பிறகு கரையில் எத்தனை மூட்டை சேர்த்தாலும் அது பாதி வேலைகூட இல்லை.

கையிலிருந்த மணலை என்ன செய்வது என்று பேரன் கேட்டான். கீழே போடச் சொன்னேன். வேறு எங்கே போடுவது?