சிரப்போ மாத்திரையோ, மருந்து ஒண்ணா இருக்கணும்

1/ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களே, உங்க போனையே எடுத்துப் பாருங்க. இன்ஸ்டாவுல 'நம்ம ஏரியா கெத்து'ன்னு ரீல். லிங்க்ட்இன்ல 'விளிம்புநிலை மக்களின் பிரதிநிதித்துவம்'னு கட்டுரை. அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்புல? 'புள்ளிங்கோ பசங்களை கேட்டுக்குள்ள விடாதீங்க.'

2/ பாராசிட்டமால் குழந்தைக்கு சிரப், பெரியவங்களுக்கு மாத்திரை, விழுங்க முடியாதவங்களுக்கு டிரிப்ஸ். வடிவம் மாறும், மருந்து மாறாது. தளத்துக்கு ஏத்த மாதிரி நீளத்தை, தொனியை மாத்துங்க, தப்பில்ல. கருத்தையே மாத்தினா அது போலி மருந்து.

3/ ஆவடி பக்கத்து கரலப்பாக்கத்துக்காரர் பா. ரஞ்சித். 2012ல் 'அட்டகத்தி'யில் புறநகர்ப் பையனை நாயகனாக்கினார். கைதட்டினீங்க. அதே பசங்கதான் இப்போ டெலிவரி பையோட உங்க கேட்ல நிக்கிறாங்க.

4/ அந்தக் 'கெத்து' ரீலை இன்னைக்கே அபார்ட்மென்ட் குரூப்புல போடுங்க, பார்ப்போம்.