நாணயத்தின் நாணயம்!

"நிலையான நாணயம் வந்துவிட்டது! வணிகருக்கு இனி விடுதலை!" என்று முரசு கொட்டுகிறார்கள். கொட்டட்டும். விடுதலை என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கும் கூட்டமல்ல நாம். ஆனால் யாரிடமிருந்து விடுதலை, விடுபட்டு யாரிடம் போய்ச் சேருகிறோம் என்று கேட்காமலே கை தட்டுகிற கூட்டமும் அல்ல!

அமெரிக்காவிலே 2024 அக்டோபரில் ஸ்ட்ரைப் நிறுவனமும், 2025 ஜூனில் ஷாப்பிஃபை நிறுவனமும், இணையக் கடைக்காரர்கள் யூ.எஸ்.டி.சி. எனும் ஸ்டேபிள்காயினைப் பெற்றுக்கொள்ள வழி திறந்தன. ஸ்டேபிள்காயின் என்றால் என்ன? ஒரு டாலரைக் கொடு. கணினிப் பேரேட்டிலே ஒரு காசு எழுதித் தருகிறோம். காசைத் திருப்பிக் கொடு, டாலரைத் தருகிறோம். இவ்வளவுதான் பேச்சு. யூ.எஸ்.டி.சி.யில் இந்தப் பேச்சைக் கொடுப்பது சர்க்கிள் என்ற கம்பெனி. அரசாங்கமல்ல, கம்பெனி!

அமெரிக்க வணிகர் ஏன் இதை நாடுகிறார்? காரணம் இருக்கிறது. அட்டை தேய்த்து நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால், இரண்டு மூன்று டாலரை அட்டைக் கம்பெனிகளும் வங்கிகளும் பிடித்துக்கொள்கின்றன. இலாபமே ஐந்து டாலர் என்றால் பாதி போயிற்று! 2005 முதல் வீசா, மாஸ்டர்கார்டு மீது வணிகர்கள் வழக்காடுகிறார்கள். 2024இல் கொண்டுவந்த சமரசத்தை நீதிபதியே ஏற்க மறுத்தார். (நம் ஊர் பெட்டிக்கடைக்காரருக்கு இந்த வேதனை முழுதாக விளங்காது. யூ.பி.ஐ. வழியே வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் அவரிடம் கட்டணம் பிடிப்பதில்லை.) ஸ்டேபிள்காயினுக்கு ஸ்ட்ரைப் முதலில் அறிவித்த கட்டணமோ 1.5 விழுக்காடு. குறைவுதான், மறுக்கவில்லை. அட்டைச் சுங்கத்தைச் சாடுகிறவர் பக்கம்தான் நாமும் நிற்கிறோம்.

ஆனால், நண்பர்களே, 2023 மார்ச் திங்களின் அந்த வார இறுதியை எண்ணிப் பாருங்கள்!

மார்ச் 10, வெள்ளிக்கிழமை. சிலிக்கான் வேலி வங்கி சாய்ந்தது. யூ.எஸ்.டி.சி.க்கு ஈடாகச் சர்க்கிள் வைத்திருந்த சுமார் 4,000 கோடி டாலரிலே 330 கோடி அந்த வங்கியில் சிக்கிக்கொண்டது. மறுநாள், ஒரு டாலர் என்று உறுதி சொன்ன காசு சந்தையிலே 88 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது! மாற்றித் தரும் காயின்பேஸ், வங்கிகள் திறக்கும்வரை டாலராக மாற்றுவதை நிறுத்தி வைத்தது. திங்கட்கிழமை ஏறத்தாழப் பழைய விலை வந்துவிட்டது, உண்மை. வந்தது எப்படி? கணினியின் மாயத்தாலா? இல்லை. வங்கியில் போட்டவர் பணம் முழுதும் கிடைக்கும் என்று ஞாயிறு மாலை அரசாங்கம் அறிவித்தது, அதனால் வந்தது! அரசாங்கத்தின் தயவே தேவையில்லை என்று பிறந்த பிள்ளையை அரசாங்கம்தான் தூக்கி நிறுத்திற்று.

நடுவிலே சனிக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததல்லவா? வாரமெல்லாம் விற்ற பணத்தைக் காசாகவே வைத்துக்கொண்டு, சனியன்று சரக்குக்கு டாலர் கட்டவேண்டிய சிறு வணிகர் என்ன செய்திருப்பார்? நூறுக்குப் பன்னிரண்டு நட்டத்தில் விற்றிருப்பார். இல்லையேல் சரக்குக்காரரிடம் தவணை கேட்டு நின்றிருப்பார். சர்க்கிளிடம் நேரே போய் மாற்றலாமே என்பீர்கள். அந்த வாசல் பெரிய நிறுவனங்களுக்கு! சிறியவர் மாற்றகத்தின் திண்ணையில்தான் காத்திருக்க வேண்டும்.

2025 ஜூலை 18இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. டாலருக்கு டாலர் ஈடு வைக்க வேண்டும், மாதந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. நல்லது. அரசின் உத்தரவாதம் உண்டென்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. அதே சட்டத்திலே இன்னொரு விதி: காசு வைத்திருப்பவருக்கு அதை வெளியிட்ட கம்பெனி வட்டி தரக்கூடாது! ஈட்டுப் பணம் அரசுக் கடன் பத்திரத்தில் கிடந்து வட்டி ஈனுகிறது. ஈன்ற கன்று யாருக்கு? கம்பெனிக்கு! வணிகரின் பணம் தூங்குகிறது. கம்பெனியின் பணம் குட்டி போடுகிறது.

வாங்குகிறவரை மறந்துவிடலாமா? அட்டையில் கொடுத்தால், பொருள் வராதபோது வங்கியில் முறையிட்டுப் பணத்தை மீட்கலாம். பொய்ப் புகாரால் வணிகர் நொந்ததும் உண்டுதான். ஆனால் காசு கைமாறிவிட்டால் மீட்டுத் தர எவரும் இல்லை. விற்றவர் மனது வைத்தால்தான் உண்டு. அதே வேளையில் அதிகாரிகள் ஆணையிட்டால், ஒரு முகவரியிலுள்ள காசை முடக்க மட்டும் கம்பெனிக்குக் கை நீளுகிறது. 2022இலே முடக்கியும் காட்டிற்று!

வாங்கவே வாங்காதீர் என்று தடை போட நாம் வரவில்லை. வாங்குகிற வணிகர் அன்றன்றே டாலராக மாற்றிக் கணக்கில் சேர்க்கட்டும். பணத்தைத் திருப்பித் தரும் முறையை, வாடிக்கையாளர் காசு கொடுக்குமுன்பே கடையின் முகப்பில் எழுதி வைக்கட்டும். கம்பெனியிடம் நாம் கேட்பது ஒன்று. பெரிய நிறுவனத்துக்குத் திறக்கிற அந்த மாற்று வாசலை, ஐம்பது டாலர் கொண்டு வரும் கடைக்காரருக்கும் திற. சனி, ஞாயிறிலும் திற!